உயரமான வண்டி

லீலாவுக்கு முதலில் பலம் விட்டுப்போனது வலது கைப் பெருவிரலில். ஃபோன் கேமரா முன்னால் புடவையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தவள், முந்தானை நழுவி விழுந்ததும் சிரித்துச் சமாளித்தாள். ஆரணியில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே கோயம்புத்தூர், மைசூர் என்று எங்கெங்கோ இருக்கிற பெண்களுக்குப் பட்டுப்புடவை விற்றவள் அவள். நெசவாளர்களிடம் போய்ச் சரக்கு எடுத்து வருவது அவள் புருஷன் பரசுராமன். பேசி விற்பது லீலா. அந்தப் பேச்சுக்காகவே வாங்குகிறோம் என்று எழுதியவர்கள் உண்டு. அடுத்த தீபாவளிக்குள் பேச்சும் குழறத் தொடங்கிவிட்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தசைகளை இயக்குகிற நரம்புகள் செத்துக்கொண்டே வருகின்றன. கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு; அப்போது மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டிவரும். தடுக்க மருந்து இல்லை. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார். அதை ஓர் ஆறுதல் போலச் சொன்னார்.

அப்புறம்தான் கார் பேச்சு வந்தது. அடிக்கடி வேலூர் போக வேண்டியிருந்தது. வாடகை வண்டியின் டீசல் வாடை லீலாவுக்குக் குமட்டும். குமட்டினால் புரையேறும், புரையேறினால் கண் செருகிவிடும். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் காவ்யா, "எலெக்ட்ரிக் வண்டி எடுத்துடுங்கப்பா. வாடையும் இருக்காது, ஆட்டமும் இருக்காது" என்றாள். கைக்கு எட்டுகிற விலையில், குடும்பத்தோடு போய்வருகிற மாதிரிப் பெரிய வண்டிகள் இரண்டு இருந்தன. ஷோரூமில் நின்ற நிறத்தை வைத்து நீல வண்டி, வெள்ளை வண்டி என்று வீட்டில் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நீல வண்டியைப் பார்க்க வேலூர் போனபோது லீலா கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தாள். கதவு அகலம், சீட்டு தாழ்வு. முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் அவளைத் தொடவில்லை.

"பாத்தீங்களா, நானே ஏறிட்டேன்" என்றாள். அந்தக் குழறல் பரசுராமனுக்கு மட்டும்தான் விளங்கும்.

சத்துவாச்சாரி வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஜன்னலை இறக்கச் சொல்லி, காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி வந்தாள். "இதே போதுங்க. பெரணமல்லூர் போலாம். அமலா வூட்டுக்குப் போயி எத்தினி நாளாச்சு."

அமலா அவளுடைய தங்கை. ஆவணியில் அமலாவின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

வெள்ளை வண்டியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றது பரசுராமன்தான். அது உயரமான வண்டி. லீலாவால் காலை அதன் விளிம்புவரைகூடத் தூக்க முடியவில்லை. அங்கே விற்பனையில் இருந்த கோகுல்ராஜ் நல்ல மனசோடுதான் இன்னொரு ஆளைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வைத்தார்கள். புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இழுத்துவிட அவளுக்குக் கை எழவில்லை. பரசுராமன் எட்டி இழுத்துவிட்டான். வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோகுல்ராஜ் பரசுராமனைத் தனியே கூப்பிட்டு வண்டியில் இருந்த ஒரு பிளக்கைக் காட்டினான். "சார், வூட்ல இருக்கிற மாதிரியே பிளக் பாயிண்ட்டு. மிக்ஸி, ஃபேன் எதுன்னாலும் ஓடும். வண்டி நின்னுகினு இருந்தாலும் கரெண்ட் குடுக்கும்."

"மூச்சு மெஷின் ஓடுமா?"

கோகுல்ராஜ் ஒரு கணம் லீலா பக்கம் பார்த்தான். "நாள் முழுக்க ஓடும் சார்."

நீல வண்டியில் அந்த வசதி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை தொடங்கியது. ஒரு வாக்கியத்தை முடிக்க லீலாவுக்கு வெகுநேரம் பிடித்தது. அவன் அவசரப்படாமல் கேட்டான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

"கரெண்ட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்குங்க. வண்டி நான் ஏறிப் போறதுக்கு."

"இன்வெர்ட்டர் எவ்ளோ நேரம் தாங்கும்? ஜல்தியா வேலூர் போவணும்னா, வழியில இன்னா பண்றது?"

"எனக்கு இப்ப மூச்சு நல்லாத்தான் வருது."

"இப்ப வருது. அப்பறம்?"

"அப்பறத்த அப்பறம் பாத்துக்கலாம். இப்ப என்னைப் போவ விடுங்க."

காவ்யாவும் அம்மா பக்கம்தான் பேசினாள். பரசுராமனுக்கு எதுவும் ஏறவில்லை. கண்ணை மூடினால் லீலா மூச்சுக்குத் தவிக்கிற காட்சிதான் வந்தது. அந்தக் காட்சியை ஒழிக்கிற வழி அந்த வெள்ளை வண்டியில் இருந்தது. அவளிடம் சொல்லாமல் போய் அதையே பதிவு செய்துவிட்டு வந்தான்.

ஆடி பிறப்பதற்குள் வண்டி வீட்டு வாசலுக்கு வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு நின்றது. லீலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தச்சரிடம் சொல்லி அவன் ஒரு படி செய்து வைத்திருந்தான். வெளியே வந்து ஒரு காலை அதன்மேல் வைத்தாள். மற்ற காலை எடுக்கும்போது உடம்பு ஆடி, அவன் மார்பில் சரிந்தாள். தெருவில் நாலு பேர் ஓடி வந்தார்கள். 

"நான் தூக்கி வெக்கிறேன் லீலா."

"எறங்கறப்போ? அங்கயும் நாலு பேரு வரணும். வேணாம்."

அதற்கப்புறம் அவள் அந்த வண்டிப் பக்கம் போகவில்லை. வேலூருக்குப் பழைய வாடகைக் காரிலேயே போய், வழியெல்லாம் வாந்தி எடுத்துத் திரும்பினாள். கல்யாணத்துக்கும் அதே காரை வரச் சொல்கிறேன் என்றான். "கல்யாண வூட்ல வாந்தி எடுத்துகினு எறங்கவா?" என்று கேட்டாள். ஆவணி வந்தபோது அவளால் நிற்கவே முடியவில்லை.

காவ்யா அம்மாவோடு இருந்துகொள்ள, பரசுராமன் மட்டும் பெரணமல்லூர் போனான். வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. குலுங்கவில்லை, வாடை இல்லை. பின்சீட்டு காலியாக வந்தது. மண்டப வாசலுக்கு அமலா ஓடிவந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா எங்க மாமா?"

"அவளால ஏற முடியல."

"சீட்டு தாழ்வா ஒரு வண்டி பாத்தோம், நானே ஏறிட்டேன்னு மெசேஜ் போட்டிருந்துச்சே?"

அவன் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போனான். தாலி கட்டியதும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். வரும் வழியில் ஓரிடத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதான். அந்த நீல வண்டி வந்திருந்தால் ஆனியிலும் ஆடியிலும் அவள் தன் காலாலேயே ஏறி இறங்கியிருப்பாள். தங்கை வீட்டுக்குப் போயிருப்பாள். பக்கத்தில் இருக்கிற திருமலைக் குன்றின் அடிவாரம் வரைக்குமாவது காற்று வாங்கப் போயிருப்பாள். இனி எந்த வண்டியை வாங்கினாலும் அந்த நாட்கள் வராது.

மார்கழியில் மூச்சு மெஷின் வந்தது. மூக்கையும் வாயையும் மூடி ஒரு கவசம். அதைக் கழற்றினால் லீலாவின் உதடு கொஞ்ச நேரத்தில் நீலம் பாரித்துவிடும். பேச்சு முற்றிலும் போய்விட்டது. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தரம் என்றால் இல்லை.

தை மாதத்தில் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று அறிவித்தார்கள். காலையில் தெருவில் விசைத்தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்ந்தன. பரசுராமன் முன்பே வண்டியை ஜன்னலுக்கு அணைத்து நிறுத்தி, ஒயரை உள்ளே இழுத்துவிட்டிருந்தான். மெஷின் ஒரு நொடி முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. மத்தியானமும் ஓடியது.

பக்கத்து வீட்டுத் தங்கவேலு வந்து எட்டிப் பார்த்தார். "எங்க வூட்டு இன்வெர்ட்டரு அப்பவே படுத்துகிச்சு. நல்ல வண்டியா பாத்து எடுத்துக்கிற பரசு. தங்கச்சி உசுரையே காப்பாத்துது."

அவர் போனதும் பரசுராமன் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். லீலா முழிப்பாகத்தான் இருந்தாள். கேட்கக் கூடாது என்று அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"லீலா, அந்த நீல வண்டியையே எடுத்திருக்கணுமா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"எடுத்திருந்தா இன்னிக்கு மெஷின் நின்னு போயிருக்கும். அப்டி இருந்தாலுமா?"

மறுபடி மூடித் திறந்தாள். இரண்டாம் தரம் இமை அசையுமா என்று அவன் காத்திருந்தான். அசையவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்ட முகம்.

அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். அது வைத்த இடத்தில் கிடந்தது. கவசத்துக்குள் எச்சில் வழிந்திருந்தது. எழுந்து, அதைச் சற்றே விலக்கி, துடைத்து, மறுபடி மாட்டினான்.

சாயங்காலம் கரெண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பரசுராமன் மெஷினைச் சுவர் பிளக்குக்கு மாற்றினான். ஒயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் வண்டியைச் சார்ஜில் போட்டான். அடுத்த மின்தடைக்குள் அது நிறைந்திருக்க வேண்டும்.