தியேட்டர் பிரிண்டில் ஒரு குரல்

கியூபாவின் சியென்ஃபுவேகோஸ் ஊரில் நிவால்தோவிடம் முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு முடி வளர்ந்திருக்காது. இந்த வாரம் என்ன படம் பார்க்கலாம் என்று கேட்கத்தான் போவார்கள். சும்மா கேட்டுவிட்டு வர முடியாதே என்று தலையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு டிவி. வெள்ளிக்கிழமைதோறும் ஓஸ்னியெல் சைக்கிளில் 'பொட்டலம்' கொண்டுவருவான். பொட்டலம் என்றால் ஒரு ஹார்டு டிஸ்க்தான். அந்த வாரம் உலகத்தில் வெளியான படம், தொடர், பாட்டு எல்லாம் அதற்குள் கிடக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கியூபாவில் யாரும் கேட்பதில்லை. நிவால்தோ முதலில் பார்ப்பான். அவன் வாய் திறந்த பிறகுதான் தெரு தன் பென்டிரைவை நீட்டும்.

கத்தரி மொண்ணையாக இருந்தாலும் அவன் கருத்து மொண்ணையாக இருந்ததில்லை. போன வருடம் உலகமே கொண்டாடிய 'ஒன்பது கவசங்கள்' படத்தை அவன் ஒரே வெட்டில் முடித்துவிட்டான். "ஊரை இடிச்சுத் தரைமட்டமாக்குறாங்க, சரி. மறுநாள் காலையில அந்த ஜனங்க ரொட்டிக்கு எங்க போய் நின்னாங்க? க்யூவுல யாரு கடைசி? அதைக் காட்டினா நான் ஒத்துக்கறேன்." சுறாப் படத்தின் ஆறாம் பாகம் பற்றி: "சுறா மேல எனக்கு வருத்தமில்ல பங்காளி. அது பாவம், கடல்ல இருக்கு. ஆறாவது தடவையும் அதே கரையில போய்க் குளிக்கிறாங்க பாரு, அவங்களைத்தான் தாங்க முடியல." வேற்றுக்கிரகத்தார் படம் எதுவானாலும் அவனுக்கு ஒரே சந்தேகம்தான். அவர்களுக்கு ஏன் எப்போதும் நியூயார்க்குக்கு மட்டுமே வழி தெரிகிறது? இங்கே வந்தால் கரண்ட் இல்லை என்று அவர்களே திரும்பிப் போய்விடுவார்கள் என்பது அவன் துணிபு.

ஒரே ஒரு குறை. முடிவைச் சொல்லாமல் அவனுக்குக் கருத்துச் சொல்ல வராது. யார் சாகிறார்கள், யார் துரோகி, கடைசியில் குழந்தை யாருடையது, எல்லாம் காதோரம் மழிக்கும்போதே வந்து விழும். நெளிந்தால் காது போய்விடும் என்பதால் தலையைக் கொடுத்தவர்களும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று, தியேட்டர் பிரிண்டை அவன் தொடமாட்டான். எவனோ மடியில் கேமராவை ஒளித்துவைத்து எடுத்த படத்தில், கதாநாயகியின் முகத்துக்குக் குறுக்கே ஒருவன் பாப்கார்னோடு எழுந்து போவதைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது மோசடி என்பான். நல்ல பிரதி வரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பான். அந்தக் கொள்கை ஒரு வெள்ளிக்கிழமை உடைந்தது. 'காற்றில்லாத நகரம்' நான்காம் பாகம் வந்திருந்தது. மூன்றாம் பாகம் கதவின் மறுபுறம் யாரோ தட்டும் சத்தத்தோடு முடிந்திருந்தது. ஒரு வருடமாகத் தட்டுவது யார் என்று தெரியாமல் அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

"தியேட்டர் பிரிண்டுதான் இருக்கு," என்றான் ஓஸ்னியெல். "வேணாம்னா வெச்சுடு, அடுத்த வாரம் நல்லது வரும்."

"கதவைத் தட்டுறது யாருன்னு மட்டும் பார்த்துட்டு நிறுத்திடறேன்," என்றான் நிவால்தோ.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, அவனும் மனைவி மிரேலிஸும் கறுப்பு மொச்சைச் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தார்கள். முதலில் மெக்சிகோவின் மெரிதா நகரத்து சோபா கடை விளம்பரம் ஓடியது. பிறகு படம், கோணலாக. கீழே வரிசையாகத் தலைகள். கதாநாயகி கதவை நோக்கி நடந்தாள். அப்போது அந்த இருட்டுக்குள்ளிருந்து, கேமராவுக்கு மிகப் பக்கத்தில், ஒரு பெண்குரல் கேட்டது.

"தொறக்காதடி. தட்டுற தட்டைப் பாரு, நல்லவன் தட்டுற தட்டா அது."

யாரோ 'உஸ்ஸ்' என்றார்கள்.

"நான் அவகிட்டப் பேசறேன். உங்ககிட்ட இல்ல," என்றது குரல்.

நிவால்தோவின் கரண்டி தட்டிலேயே நின்றுவிட்டது. மிரேலிஸ் படத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். திரையோடு பேசுவது கியூபாக்காரர்களுக்குச் சோறு தண்ணீர் மாதிரி. இங்கே தியேட்டருக்குப் போனால் கதாநாயகனுக்கு நூறு பேர் வழி சொல்வார்கள், வில்லனைப் பெற்றவளை ஐம்பது பேர் விசாரிப்பார்கள். மெக்சிகோக்காரர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஆகவே அவள் கியூபாக்காரி, மெரிதாவில் இருப்பவள். நிவால்தோவின் தங்கை இதால்மிஸ் மெரிதாவில்தான் இருந்தாள்.

சின்ன வயதிலிருந்து இருவரும் சேர்ந்தே படம் பார்த்தவர்கள். அவன் படம் முடிந்த பிறகு பேசுவான், அவள் படம் ஓடும்போதே பேசுவாள். அவன் நல்ல படம் என்றால் அவள் குப்பை என்பாள். கல்யாணம் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமை அது தவறியதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடப் போனபோது வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் அவள் நாட்டைவிட்டே போய்விட்ட விஷயம் அவனுக்குத் தெரிந்தது. சொந்த அண்ணன், அடுத்த வீட்டுக்காரிக்குப் பிறகு. அங்கே போய்ச் சேர்ந்து அவள் போன் செய்தபோது, "ராங் நம்பர்," என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு அவள் மிரேலிஸோடு மட்டும் பேசினாள், அவனும் கேட்காதமாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று அவன் படத்தை நிறுத்தவில்லை. முழுக்கப் பார்த்தான். மறுபடி பார்த்தான். குரல் வரும் இடத்துக்கெல்லாம் ஒலியைக் கூட்டினான். பின்வரிசையிலா முன்வரிசையிலா? தனியாக வந்தாளா? ஓரிடத்தில் அவள் சிரித்தாள். பக்கத்தில் யாரும் சேர்ந்து சிரித்தார்களா? காதை டிவியோடு ஒட்டவைத்துக் கேட்டான். சாகும் காட்சியில் மூக்குறிஞ்சியது அவளா, அந்தக் கேமராக்காரனா?

"அவதானா?" என்று மிரேலிஸிடம் கேட்டான்.

"எனக்கெப்படித் தெரியும். போன் போட்டுக் கேளுங்க."

"நான் எதுக்குக் கேக்கணும்."

மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், நான்காம் பாகம் மாதிரி ஒரு படம் பத்து வருடமாக வரவில்லை என்றான். என்ன நகைச்சுவை, என்ன ஓட்டம், ஒரு நிமிடம் அலுக்கவில்லை. ஒருவருக்கும் முடிவைச் சொல்லவில்லை. தெருவே அசந்துபோனது. முடிவைச் சொல்ல மனம் வராத அளவுக்கு நல்ல படம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் முடிவு அவன் மனதில் நிற்கவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல பிரதி வந்தது. அவன் சொல்லை நம்பி எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் தபால்காரர் எவெலியோ. முகம் சரியில்லை.

"மச்சான், உன்னை ஒண்ணு கேக்கணும். உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"அந்தப் படம். ரெண்டரை மணி நேரம் ஒரு கதவை வெச்சு ஓட்டியிருக்கான். என் மாமியார் பாதியிலயே தூங்கிட்டா. அவ தூங்கினதுதான் படத்துல நல்ல விஷயம். நீ நகைச்சுவைன்னியே, எந்த இடம் சொல்லு, நான் திரும்பப் போய்ச் சிரிச்சுட்டு வரேன்."

பின்னால் வந்தவர்களும் இதையே சொன்னார்கள். ஒருவர் பணம் வேண்டாம், பார்த்த நேரத்தைத் திருப்பிக் கொடு என்றார். நிவால்தோவுக்கு அசடு வழிந்தது. மத்தியானம் நல்ல பிரதியைப் போட்டுப் பார்த்தான். படம் பளிச்சென்று இருந்தது. தலைகள் இல்லை, இருமல் இல்லை. கதாநாயகி கதவை நோக்கி நடந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குத் திறந்தாள். அதைவிட வறண்ட படத்தை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. தான் இத்தனை நாள் படம் பார்க்கவில்லை, தங்கையைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தபால்காரருக்குத் தெரிந்தால் சிரிப்பார் என்று டிவியை அணைத்தான்.

மிரேலிஸ் போனை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். இதால்மிஸின் எண் திறந்திருந்தது. அவன் தியேட்டர் பிரிண்டைப் போட்டு, கதவுக் காட்சியில் போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அனுப்பினான். பிறகு ஒரு வார்த்தை சேர்த்தான்: "நீயா?"

பதில் மறுநாள் காலையில் வந்தது. எவெலியோ, முந்தின நாள் படப் பேச்சில் அரைகுறையாக விட்டுப்போன பின்கழுத்தைச் சரிசெய்துகொள்ள வந்து நாற்காலியில் இருந்தார். நிவால்தோ குரல் பதிவைக் காதில் வைத்துக் கேட்கத்தான் நினைத்தான். விரல் தவறிப் பட்டதில் அது ஸ்பீக்கரில் சத்தமாகவே ஓடியது.

"அண்ணே, அது நான் இல்ல." பின்னால் வண்டிகள் ஓடும் சத்தம் கேட்டது. "அந்தப் பொம்பளை நம்ம நாட்டுக் கிழக்குல, சாந்தியாகோ பக்கத்துக்காரி. பேச்சை இழுக்கறதைக் கேட்டா தெரியலையா உனக்கு. நான் இங்க வந்ததுக்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் தியேட்டருக்குப் போனேன். தனியா. ஒரு வார்த்தை பேசினேன், திரும்பிப் பார்த்தாங்க பாரு, நான் அவங்க மடியில துப்பிட்ட மாதிரி. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். வெளிய வந்தா படம் நல்லாருந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியல. அதோட போகல."

நிவால்தோ சீப்பை வைத்துவிட்டு நின்றான். இரண்டு வருடமாக மனதில் ஒரு படம் ஓட்டிவைத்திருந்தான். அதில் அவள் குளிர்சாதன அரங்கில் சிரித்துக்கொண்டிருந்தாள், அவனை நினைக்காமல். இப்போது அது கலைந்துபோனது. யார் பெற்ற பெண்ணின் குரலையோ கேட்டு இவ்வளவு நாள் குளிர்ந்துகொண்டிருந்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த தங்கையை நினைத்து வலித்தது. ஸ்பீக்கரை அணைக்காமலே அவள் எண்ணை அழுத்தினான்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "ராங் நம்பரா?"

"ஏன் என்கிட்ட சொல்லாமப் போனே?" என்றான். எடுத்த எடுப்பில் அதுதான் வந்தது.

"எப்படிச் சொல்றது? படத்துல யாரு சாவான்னே உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியாது. உன்கிட்டச் சொல்லியிருந்தா சாயங்காலத்துக்குள்ள முடிவெட்ட வந்தவன் பூரா என்னை வழியனுப்ப வந்திருப்பான். அதிகாரிங்களும் சேர்ந்து வந்திருப்பாங்க."

நாற்காலியில் எவெலியோ மெதுவாகத் தலையை ஆட்டினார். இது நியாயம் என்பது அவர் கருத்து. நிவால்தோ அவரை முறைத்தான்.

"அழுதேண்ணே," என்றாள் இதால்மிஸ். "ஊரை விட்டுக் கிளம்பின பஸ்ல ஏறி உக்காந்து அழுதேன். சொல்லாம வந்துட்டேனேன்னு."

"நானும்தான்," என்றான் நிவால்தோ. அவன் அதைச் சொன்னதே இல்லை. மிரேலிஸிடம்கூட. "பூட்டைப் பார்த்துட்டுத் தெருவுல நின்னு அழுதேன்."

எவெலியோ, போர்த்திய துணிக்குள் கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தார்.

"படத்தைப் போடு," என்றாள் இதால்மிஸ். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு வேலைக்கு. நான் கேக்கறேன். கண்ணுக்குத் தெரியறதை நீ சொல்லு."

"நல்ல பிரதி வந்திருக்கு. அதைப் போடறேன்."

"வேணாம். அந்தப் பொம்பளை பேசறதைப் போடு."

அவன் போனைக் கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவில் சாய்த்துவைத்தான். சோபா விளம்பரம் ஓடியது. விலை அதிகம் என்றாள் இதால்மிஸ். பிறகு கதாநாயகி நடந்தாள், நடக்கிறாள் என்று நிவால்தோ சொன்னான். எந்த மாதிரி நடக்கிறாள் என்று அவள் கேட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்றார் எவெலியோ. சாந்தியாகோக்காரி திறக்காதே என்றாள், திறந்துதான் பார்க்கட்டுமே என்றாள் இதால்மிஸ். யாரோ 'உஸ்ஸ்' என்றார்கள். "நீ சும்மா இருய்யா," என்று இதால்மிஸ் அந்த உஸ்ஸுக்கு பதில் கொடுத்தாள். எவெலியோ சிரித்ததில் துணி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கதவு திறந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு நீளமான நடைபாதை, அதில் ஓர் ஆள், அவன் நடந்துகொண்டே இருந்தான். நிவால்தோவுக்குச் சொல்ல வார்த்தை தீர்ந்துபோனது. படத்தைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் ஒத்துக்கொள்ளாத உண்மையான கருத்து தொண்டைவரை வந்துவிட்டது.

"இதால்மிஸ், இது ரொம்ப மோசமான படம்."

"தெரியுதுண்ணே," என்றாள். "நிறுத்திடாத."