கப்பல் மருந்து

பாயை அவிழ்க்க வேண்டாம் என்று வண்டிக்காரன் சொன்னதை அன்னக்கிளி காதில் வாங்கவே இல்லை. குடத்துத் தண்ணீரைப் பாயின்மேலேயே கவிழ்த்தாள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்த உடம்பைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்த பாய். உள்ளே இருப்பது அவள் தம்பி பொன்னுலிங்கம். முகத்தைத் திறந்து பார்க்கிற மாதிரி இல்லை என்றார்கள். இல்லாவிட்டால் போகட்டும், அதற்காகக் குளிப்பாட்டாமலா அனுப்புவது?

“தலைமாடு எதுப்பா?”

வண்டிக்காரன் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். அவள் அந்தப் பக்கத்தில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தாள். முற்றத்தில் ஊரே நின்றது. ஒருவர் வாயிலும் ஒரு சொல் இல்லை.

முந்தின நாள் காலையில் கோயில் திருவிழாவில் சாமி வாகனம் ஏறும் நேரம். பொன்னுலிங்கம் கதினாவுக்குத் தீ வைத்தான். கதினா என்றால் ஒரு சாண் உயர இரும்புக் குழல். அதில் மருந்தைப் போட்டு, மேலே செங்கல் பொடியைக் கெட்டித்து, நீளக் கம்பின் நுனியில் நெருப்பைக் கட்டிப் பற்ற வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் செய்துவந்த வேலை. நேற்று முதல் கதினாவிலேயே இரும்பு சில்லுச் சில்லாகச் சிதறி அவனைச் சாய்த்துவிட்டது.

மருந்து அவனுடையது அல்ல. யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரனின் சண்டைக் கப்பல்கள் மிச்சமிருந்த பீரங்கிக் குண்டுகளைக் கடலில் தள்ளிவிட்டுப் போயின என்று பேச்சு. தள்ளும்போது யாரைக் கேட்டார்கள்? அந்தக் கடலில் வலை போடுகிறவன் மனுஷன் இல்லையா? வெள்ளைக்காரன் போய் நாலு வருஷமாகியும் அவன் பெட்டிகள் கரையொதுங்கிக்கொண்டே இருந்தன. இறுக மூடிய பெட்டிக்குள் முழ நீளத்துக்குப் பித்தளைத் தோட்டாக் கூடுகள். கோயில் கமிட்டித் தலைவர் சிவதாணு பிள்ளை குத்துவிளக்கு வார்க்கவென்று அந்தப் பித்தளையை வாங்கி வந்தார். கூட்டுக்குள் தவிட்டு நிறத்தில் குச்சி குச்சியாக மருந்து இருந்தது, இடியாப்பத்தைப் பிழிந்து காயப்போட்ட மாதிரி.

“கப்பல் மருந்துடே! பூதப்பாண்டிக்காரனுக்குக் காது அடைக்கணும்!” என்று குதித்தார். பூதப்பாண்டித் தேரோட்டத்து வெடி இந்த ஊருக்குக் கேட்கும். இந்த ஊர் வெடி அங்கே கேட்டதில்லை. ஊருக்கே அது ஆறாத எரிச்சல்.

பொன்னுலிங்கம் தயங்கினான். கொடிமரத்தடியில், அத்தனை பேர் முன்னால் வைத்துச் சொன்னான். “முதலாளி, இது நமக்குப் பழக்கமில்லாத மருந்து. வயல்ல கொண்டு ஒண்ணு போட்டுப் பாத்துக்கிடுகேன்.”

“சாமி முன்னால வச்சுப் பூசை பண்ணியாச்சு. பொறவு வயல்ல போட்டா எச்சிலு ஆயிராதா? மொத வெடி சாமிக்குத்தான்” என்றார் சிவதாணு பிள்ளை. ஊர் ஆமாம் போட்டது. பூசை வைத்த மருந்தை வேறெங்கும் கொளுத்துவது அந்த ஊரில் வழக்கமில்லை. பொன்னுலிங்கமும் அதற்குமேல் பேசவில்லை, மடையன்.

இன்று விடிந்தபோது ஊருக்குள் வேறு கதை நடமாடியது. குடித்திருந்தானாம். வாயில் பீடியாம். தீப்பொறி மருந்தில் விழுந்ததாம். திருவிழாக் கொடி ஏறினால், சாமி நீராடுகிற ஆறாட்டு முடிகிற வரைக்கும் கள்ளும் பீடியும் தொடாமல் விரதம் இருக்கிறவன் அவன். அது அந்த ஊரில் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

பின்வாசல் பக்கம் யாரோ இருமினார்கள். சிவதாணு பிள்ளையின் கையாள் கோலப்பன்.

“அக்கா, மிச்ச மருந்து சாக்கு எங்க கெடக்கு? ஏட்டய்யா வாறதுக்குள்ள எடுத்துரச் சொன்னாரு முதலாளி. இங்க இருந்தா உங்களுக்குத்தான் கேஸு.”

“நேத்து வரைக்கும் முதலாளிக்க மருந்து. இன்னைக்கு எங்களுக்க கேஸா? நல்லா இருக்குலே ஞாயம்!”

“நான் என்னக்கா செய்ய...”

“கொடிமரத்துக்கிட்ட நீயும்தானே நின்ன? வயல்ல போட்டுப் பாக்கேன்னு அவன் சொன்னது உனக்குக் கேக்கேல்லியா?”

கோலப்பன் தன் கால்விரல்களையே பார்த்தான். “கேட்டுது. எனக்கும் பிள்ளையளு உண்டும்லா அக்கா.”

“போலே. உன்னைய வளத்தாளே, அவளைச் சொல்லணும்.”

உள்ளே தம்பி பெண்டாட்டி முத்துக்கனி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. “மைனி, விட்டுருங்க” என்றாள் மெதுவாக. “முதலாளிக்க வயல்லதானே நாளைக்கும் நான் களை பறிக்கப் போணும்.”

“களை பறிக்கப் போ. உனக்க பையனுவளக் குடிகாரன் பிள்ளைன்னு நாலு பேரு கூப்புடுவான். அதையும் கேட்டுக்கிட்டே பற.”

முத்துக்கனி முகத்தை மூடிக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று அன்னக்கிளிக்கு அந்த நொடியே பட்டது. ஆனால் விட்ட சொல்லைத் திரும்ப வாய்க்குள் எடுத்துப் போட முடியுமா?

போலீஸ் ஏட்டு வந்தார். கூடவே சிவதாணு பிள்ளை. பின்னால் இரண்டு ஆட்கள் கோயில் கதினா ஒன்றையும் செங்கல் பொடியையும் கெட்டிக்கிற கம்பையும் கூடையில் சுமந்து வந்தார்கள்.

“குடிப்பானா?” என்று ஏட்டு பொதுவாகக் கேட்டார்.

முற்றம் அசையவில்லை. நேற்று அவனோடு தோரணம் கட்டியவர்கள் நின்றார்கள். அவன் கையால் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வெடி போட்டவர்கள் நின்றார்கள். எல்லோரும் வேப்பமரத்தில் என்னவோ புதிதாகக் காய்த்த மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள். த்தூ!

“கொஞ்சம் உண்டும்” என்றார் சிவதாணு பிள்ளை. “மருந்துல ஒரு குத்தமும் இல்லை ஏட்டய்யா. பயலுக்க கைப்பிசகு. போட்டும், கோயிலுக்கு உழைச்சவன். கதினா வெடிச்சு மரியாதையாட்டு எடுப்போம். எல்லாம் நான் பாத்துக்கிடுகேன்.”

ஊர் தலையை ஆட்டியது. ஆட்டத்தான் தெரியும்.

அன்னக்கிளி விறகுப்புரைக்குப் போனாள். மிச்ச மருந்துச் சாக்கோடு திரும்பி வந்தாள். கூடையிலிருந்த கதினாவைத் தூக்கிப் பாயின் பக்கத்தில் நட்டு வைத்தாள். சாக்கில் கையை விட்டு ஒரு பிடி குச்சியை எடுத்துக் குழலுக்குள் செருகினாள்.

“ஏட்டி, என்ன செய்யுக?” சிவதாணு பிள்ளையின் குரல் கிறீச்சிட்டது. “நாங்க சாதா மருந்து கொண்டு வந்திருக்கோம்.”

“சாதா மருந்து என்னத்துக்கு முதலாளி? கப்பல் மருந்துதான் இருக்கே. குத்தமில்லாத மருந்து.” இன்னொரு பிடியைச் செருகினாள். செங்கல் பொடியை அள்ளிப் போட்டாள். “நீங்க குடிக்க மாட்டிய. பீடி இழுக்க மாட்டிய. உங்களுக்குக் கைப்பிசகு வராது. எனக்க தம்பிக்கு நீங்களே தீ வையுங்க.”

கெட்டிக்கிற கம்பை எடுத்துக் குழலுக்குள் இறக்கினாள்.

முதலில் நகர்ந்தது கோலப்பன். அப்புறம் முற்றமே நகர்ந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போனார்கள். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சிவதாணு பிள்ளை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு பலாமரத்துக்குப் பின்னால் நின்றார். ஏட்டு தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து தெருவுக்குப் போயிருந்தார். அங்கிருந்து சிவதாணு பிள்ளையைப் பார்த்தார்.

அன்னக்கிளி கம்பை உருவிக் கீழே போட்டாள்.

“கெட்டிக்கேல்ல. தீயும் இல்ல. வாங்க, வந்து தூக்குங்க.”

ஒருவரும் வரவில்லை. அவளே பிறகு பாடையை இழுத்து வந்து பாயின் ஓரத்தில் போட்டாள். குனிந்து பாயின் ஒரு நுனியைப் பிடித்தாள். தண்ணீர் குடித்த பாய் அசைய மறுத்தது.

முத்துக்கனி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கதினாவைச் சுற்றிப் போகாமல் நேராக வந்து மறுநுனியைப் பிடித்தாள்.

“செரி மைனி, தூக்குங்க” என்றாள்.