ஈர வரம்பு

மண் ஆய்வாளர் ஈர பூட்சை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காலையிலிருந்து மலைச்சரிவில் ஏறி இறங்கியதில் முழங்கால் விண்விண் என்று தெறித்தது. மண்ணுக்குள் புதைத்திருந்த ஈரமானிகளைப் பார்க்கப் போயிருந்தார். பருவத்துக்கு முன்பே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கணினி மாதிரியை ஓட்டுகிற பெண்ணின் திரையில் அந்தச் சரிவு வெளிர்மஞ்சளாக இருந்தது. வறட்சி என்று பொருள்.

"காய்ஞ்சு கிடக்குன்னா சொல்லுது உன் கம்ப்யூட்டர்? பேண்டைப் பிழிஞ்சு காட்டட்டுமா?"

"வேணாம் அண்ணா, இப்பதான் தரையைத் துடைச்சாங்க."

சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை. பருவ முன்கணிப்பு மறுநாள் வெளியாக வேண்டும். மண்சரிவுக்கு அஞ்சி அடிவாரத்து வீடுகளை இப்போதே காலி செய்வதா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

அவள் துருவித் துருவிப் பார்த்தாள். "அளவெல்லாம் ஒழுங்கா வருது. ஆனா கம்ப்யூட்டர் பாதியை வடிகட்டித் தள்ளிடுது. ஒரு வரம்புக்கு மேல போனா எடுத்துக்காது."

"எந்தப் புத்திசாலி வெச்ச வரம்பு?"

அவள் விரலை அவர் பக்கம் நீட்டினாள்.

அவருக்கு நினைவு வந்தது. தொடக்கத்தில் கருவிகள் விரிசல் விட்டு, உள்ளே நீர் புகுந்து, கண்டபடி அளவு காட்டின. 'இந்தச் சரிவுல தண்ணி நிக்காது. இதுக்கு மேல காட்டினா கருவி செத்துடுச்சுன்னு அர்த்தம், தூக்கிப் போடு' என்று அடித்துச் சொன்னவர் அவரேதான். அன்றைக்கு அது சரி. இன்று நிஜ ஈரமே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது.

"வரம்பை எடுத்துடவா?"

"எடுத்தா செத்த கருவியும் சேர்ந்து உள்ள வரும். பக்கத்துல தோண்டி மண்ணை எடுத்துப் பார்த்தாத்தான் எது உசுரோட இருக்குன்னு தெரியும்."

"இன்னிக்குத் தோண்டினீங்கல்ல?"

"கீழ எல்லாம் தோண்டிட்டேன். மேல ரெண்டு பாக்கி. கால் வரலைன்னு இறங்கிட்டேன்."

வீடுகள் இருப்பது அந்த இரண்டுக்கும் நேர் கீழே.

கைபேசி அடித்தது. மனைவி. "அண்ணன் வந்து உக்காந்திருக்கார். எங்கன்னு கேக்கறார், என்ன சொல்ல?"

"மறுபடி மேல போகணும். மச்சானைச் சாப்பிட்டுட்டு இருக்கச் சொல்லு."

"பேசாம அந்த மண்ணையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"நீங்க வர்ற வரைக்கும் முன்கணிப்பை நிறுத்தி வெக்கிறேன்," என்றாள் அவள். "மேலிடத்துத் திட்டு என் பங்கு."

வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வாசலில் உட்கார்ந்து பூட்சைக் கவிழ்த்தார். தேங்கியிருந்த நீர் படியில் வழிந்தது. ஒரு பெருமூச்சோடு காலை உள்ளே நுழைத்தார்.