அடுத்த வாரம் வரச் சொல்லப்பட்டவர்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மாவு மில்லுக்கு மேல் மாடியில் நடக்கும் தமிழ்ச் சபையில், ஈஸ்டர் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் சாத்தான் எழுந்து நின்று தன் சாட்சியைச் சொன்னான். கொம்பு இல்லை, வால் இல்லை. இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஏதோ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவன் போல இருந்தான் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சபையில் சாட்சி சொல்ல யாருக்கும் தடை கிடையாது. முதுகுவலி போனவர்கள், மகனுக்கு விசா கிடைத்தவர்கள், தொலைந்த கம்மல் அரிசி டப்பாவில் அகப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பாதிப் பேர் மதியம் வீட்டில் கொதிக்கப்போகும் குழம்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயரைச் சொல்லிவிட்டு, சுருக்கமாகவே பேசினான்.

"நான் கான்ட்ராக்ட்ல இருக்கிறவன். எந்த வேலையையும் நானா இழுத்துப் போட்டுக்கிட்டுச் செஞ்சதில்ல. மேல இருந்து பர்மிஷன் வராம ஒரு இடத்திலயும் கை வெச்சதில்ல. என்னைச் செஞ்சவரு அவரு. செஞ்சா நான் இப்பிடித்தான் ஆவேன்னு செய்யறதுக்கு முன்னாடியே தெரிஞ்சவரும் அவரு. பேர் மட்டும் எனக்குக் கெட்டுப்போச்சு. இவ்ளோதான் சாட்சி. ஸ்தோத்திரம்."

யார் சாட்சி சொல்லி 'ஸ்தோத்திரம்' என்று முடித்தாலும் சபை 'அல்லேலூயா' என்று பதில் சொல்ல வேண்டும். அது வாய்ப்பழக்கம், காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கும் மொத்தச் சபையும் கூரை அதிர அல்லேலூயா சொன்னது. பாஸ்டர் எத்திராஜ் மைக்கிலேயே சொன்னார். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனால் அல்லேலூயா சொன்ன சாட்சி ஏற்றுக்கொள்ளப்பட்ட சாட்சி. அந்தச் சபையில் யாரும் மீறாத விதி இது ஒன்றுதான், மற்றவற்றைப் பற்றி நான் பேசவில்லை. எத்திராஜ் நல்ல மனிதர். இரட்சிக்கப்பட்ட பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளாதவர், காரணம் கேட்டால் ஆதாரில் மாற்றுவதற்கு இரட்சிப்பைவிட அதிகமாக அலைய வேண்டும் என்பார். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டை அறிவித்தார்.

சாத்தான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் பியாட்ரிஸ் மட்டும்தான். அவள் புருஷன் தினேஷ் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த மெஷினில் ஆளின் கைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்க வேண்டும். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாக நடக்கும் என்று அதைக் கழற்றி ஒரு மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். மெஷின் அவன் கையைத் தோள்வரை நசுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில், ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டே நின்ற இடத்தில் உயிர் போய்விட்டது. பியாட்ரிஸ் கம்பெனிக்குப் போனாள். இறந்தவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் மஞ்சுநாத்தின் ஆள் என்றார்கள். மஞ்சுநாத்திடம் போனாள். அவர் கன்னடமும் தமிழுமாகக் கலந்து, "ஏனு மாடோது, என்ன பண்றது சிஸ்டர், மெஷின் அவங்களது, ஆளை விட்டது மட்டும்தான் நான்" என்றார். திரும்பக் கம்பெனிக்குப் போனாள். உங்கள் வீட்டுக்காரர் தானாகத்தான் கையை உள்ளே விட்டார், யாரும் பிடித்துத் தள்ளவில்லை என்றார்கள். இதையே வேறு வேறு அறைகளில் வேறு வேறு சட்டைக்காரர்கள் சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் முடிவில் "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினார்கள். கடைசியில் லேபர் ஆபீஸ் தலையிட்டு, ஆளை விட்டவன் யாராக இருந்தாலும் வேலை யாருக்காக நடந்ததோ அந்த முதலாளியே பொறுப்பு என்று சொல்லி, நஷ்டஈடும் வந்து சேர்ந்தது. அவள் கேட்டது அது அல்ல. 'எங்கள் தப்புதான்' என்று ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அவளால் தினேஷின் சட்டைகளை ஆணியிலிருந்து எடுக்க முடியவில்லை. அழுகையும் வரவில்லை.

சாவு வீட்டில் எத்திராஜும் அதையே வேறு பாஷையில்தான் சொல்லியிருந்தார். முதல் நாள் எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றார். அப்படியானால் அவர்தானே செய்தார் என்று பியாட்ரிஸ் கேட்டதும், இல்லை, தீமை சாத்தானிடமிருந்து வருவது என்றார். சாத்தானை யார் விட்டது என்று கேட்டதும், மனுஷனுக்குச் சுயசித்தம் உண்டு, அவனவன் செய்வது அவனவன் பொறுப்பு என்றார். கம்பெனி, கான்ட்ராக்டர், திரும்பக் கம்பெனி என்று அலைந்த அதே சுற்று என்று பியாட்ரிஸுக்குப் பிறகுதான் உறைத்தது. அவளோடு குடியிருக்கும் மாமியார் சின்னத்தாயி மதம் மாறாதவள். அந்த வீட்டில் முன்னறையில் இயேசு, சமையலறையில் மாரியம்மன், இரண்டு பேருக்கும் ஒரே ஊதுவத்தி. சின்னத்தாயி ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டே சொன்னாள். "எங்கள்ல நெறையப் பேரு இருக்காங்க, இவ செஞ்சாளா அவன் செஞ்சானான்னு இழுக்கலாம். உங்களுக்கு இருக்கறதே ஒருத்தரு. அப்பறம் யாரைத் தேடுறீங்க?"

சாட்சி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டதால் சாத்தான் அடுத்த வாரமும் வந்தான். வந்தவனைச் சும்மா உட்கார வைப்பானேன் என்று சபை மூப்பர்கள் அவனுக்கு மாடிப்படிக்குக் கீழே இருசக்கர வண்டிகளை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கொடுத்தார்கள். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க பிரதர்" என்று அவன் சொன்னால் யாரும் தகராறு செய்யவில்லை. கூட்டம் முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கினான், டீ ஊற்றினான். கிழமை நாட்களிலும் அங்கேயே கிடந்தான், ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்தான். எத்திராஜுக்கு ஆரம்பத்தில் இதில் ஒரு பெருமைகூட இருந்தது. சாத்தானையே கட்டிப்போட்ட சபை என்று பேனர் அடிக்கலாமா என்று யோசித்தார். ஆனால் ஆஸ்டின் டவுனில் சங்கிலி பறிப்பது நிற்கவில்லை. தண்ணீர் லாரிக்காரன் அரை டேங்க் ஊற்றிவிட்டு முழு டேங்க் என்று சாதித்தான். பின் தெருவில் ஒருவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியின் பல்லை உடைத்தான். ஒரு பச்சைக் குழந்தை டெங்குவில் போனது. அத்தனை நாளும் சாத்தான் எல்லோர் கண்ணெதிரிலும் பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று எத்திராஜ் படிக்கட்டில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ இங்கதானே இருக்க, அப்ப இதெல்லாம் யாருடா செய்யறது?" என்று கேட்டார். சாத்தான் தூரிகையை டர்பன்டைனில் அலசிக்கொண்டே, "அதத்தான் பாஸ்டர் நானும் சாட்சியில சொன்னேன்" என்றான்.

அதற்குப் பிறகுதான் எத்திராஜ், பியாட்ரிஸ் பல நாளாகக் கேட்டுவந்த ஒரு நாற்காலிக்குச் சம்மதித்தார். வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியாருக்கென்று அந்தச் சபையில் ஒரு மெத்தை வைத்த மர நாற்காலி உண்டு, கைகளில் வெள்ளைத் துண்டு போட்டிருக்கும். அதில் உள்ளூர்க்காரர்கள் உட்காரக் கூடாது. பியாட்ரிஸ் அதை இழுத்துக்கொண்டுவந்து, சாட்சி சொல்கிறவர்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே போட்டாள். சாட்சி நேரம் வந்ததும் எழுந்து நின்று, "பொறுப்பானவர் வந்து உக்காரணும்" என்று மட்டும் சொன்னாள். ஸ்தோத்திரம் என்று முடித்தாள், சபை அல்லேலூயா என்றது. அதனால் அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாற்காலி காலியாகவே இருந்தது. அடுத்த ஞாயிறும் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும். துண்டைத் துவைத்துப் போட்டாள். சிலர் சிரித்தார்கள், சிலர் அவளுக்காக உபவாசம் இருந்தார்கள். மூப்பர் ஒருவர் இருள் என்று ஒரு பொருளே கிடையாது, வெளிச்சம் இல்லாமைதான் இருள், அதுபோலத்தான் தீமையும் என்ற விளக்கத்தை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தடுப்பு தானாக இல்லாமல் போகவில்லை, யாரோ கழற்றி மூலையில் சாய்த்து வைத்தார்கள் என்று அவள் பதில் அனுப்பினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பை போய்க்கொண்டிருக்கும்போது, அந்த நாற்காலி கிறீச்சிட்டது. மெத்தை அமுங்கியது. நாற்காலியின் கால்கள் மொசைக் தரைக்குள் விரலளவு இறங்கின. கீழே மில்காரர் கூரையிலிருந்து காரை பெயர்ந்து ராகி மாவில் விழுகிறது என்று சத்தம் போட்டார். நாற்காலியில் யாரும் தெரியவில்லை. புதிதாகக் குழைத்த களிமண்ணின் வாசனை மட்டும் அடித்தது. சாத்தான் டீ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான், மேனேஜர் வந்ததும் செல்போனை மறைக்கிற ஆளைப் போல. பியாட்ரிஸ் நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள். கம்பெனிக்காரர்களிடம் கேட்ட கேள்வியையே கேட்டாள்.

"தடுப்பைக் கழட்டினது யாரு?"

"சூப்பர்வைசர்" என்றது குரல். ரொம்ப நாள் பேசாமல் இருந்தவரின் குரல், ஆஸ்டின் டவுன் தமிழ்தான். "அவன் கழட்டுவான்னு எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். தடுக்கல. பொறுப்பு என்னுதும்மா."

"ஏன் தடுக்கல?"

"ஒரு காரணம் வெச்சிருக்கேன். பெரிய காரணம், எல்லாத்துக்கும் சேர்த்து வெச்சது. சொன்னா உனக்குப் போதாது."

"சொல்லுங்க, போதுமா போதாதான்னு நான் பாக்கிறேன்."

"இப்ப உன் முன்னாடி உக்காந்து பாத்தா எனக்கே போதலம்மா" என்றது குரல். "மன்னிச்சிடு."

பியாட்ரிஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை காலம் வராத அழுகை. மாடிப்படி வழியாகக் கீழே மில்வரைக்கும் கேட்டது, மில்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று அல்லேலூயாவை வாயிலேயே வைத்துக்கொண்டு சபை காத்திருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் பியாட்ரிஸ். "அடுத்த வாரம் வாங்க."

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது, மெத்தை மெல்ல மேலே எழும்பியது. அன்று சாயங்காலம் அவள் தினேஷின் சட்டைகளை ஆணியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள்.

அடுத்த வாரம் அவர் வந்தார். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே வந்துவிட்டார், நாற்காலியின் கால்கள் பழைய குழிகளிலேயே போய் உட்கார்ந்தன. அவள் இன்னும் யோசிக்கிறேன் என்றாள். அப்படியே வாரங்கள் போய், வருஷமும் திரும்பிவிட்டது. பெங்களூரின் பெரிய சபைகளிலிருந்து வேதம் படித்தவர்கள் வந்து பார்த்தார்கள். வந்திருப்பவர் அவர் அல்ல, அவராக இருந்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று அறிக்கை விட்டார்கள். மாடிச் சபைக்காரர்கள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. எதிரே அவரை உட்கார வைத்துக்கொண்டு அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச எத்திராஜுக்குக் கூச்சமாக இருந்ததால் பிரசங்கம் சுருங்கிவிட்டது, அதில் எல்லோருக்கும் சந்தோஷம். சாவு வீடுகளில் இப்போது யாரும் கர்த்தருடைய சித்தம் என்று சொல்வதில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாத்தான் நாற்காலியின் கையில் ஒரு டீ வைப்பான். அது ஆடை கட்டி ஆறிப்போகும்.

போன மாசம் பியாட்ரிஸுக்குக் காய்ச்சல். சபைக்குப் போகவில்லை. அன்று மாடியில் நாற்காலி காலியாக இருந்தது. மதியம் உச்சி வெயிலில் அவள் வீட்டு வாசலில் களிமண் வாசனை அடித்தது, படிக்கல் ஒன்று லேசாகக் கீழே இறங்கியது. சின்னத்தாயி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, யாரோ வந்திருக்கிறார்கள், ஆளைக் காணோம் என்றாள். பியாட்ரிஸ் போர்வைக்குள்ளிருந்தே யாரென்று சொன்னாள். சின்னத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெற்ற பிள்ளையை வாரிக் கொடுத்தவள்.

"எம்புள்ளைய சாக வுட்டவரா?" என்றாள். பிறகு, "வெயில்ல நிக்காத. உள்ள வா" என்றாள்.

பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டாள், அது வளைந்து கொடுத்தது, உடையவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காபி கலந்து டம்ளரை எதிரே வைத்தாள். "அவ மனசு இரங்கினாலும் இரங்குவா. நான் மன்னிக்க மாட்டேன், சொல்லிட்டேன். காபியக் குடி" என்றாள். மாரியம்மன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவர் குடித்து முடித்தார். சின்னத்தாயி காலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பியாட்ரிஸ் காய்ச்சல் தெளிந்து சபைக்குப் போனாள். அவர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். அவள் அடுத்த வாரம் வரச் சொன்னாள். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.