கலங்கல்

மண் அணையின் வெளிச்சரிவின் அடியில் ஒரு கசிவுக் குழாய் உண்டு. மண்ணால் ஆன அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை பயமில்லை. கரைக்காவலர் தினமும் காலையில் அதைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அன்று குவளைக்குப் பின்னால் தன் விரலே அவருக்குத் தெரியவில்லை.

குவளையோடு கரைமேல் ஏறினார். அந்தப் பக்கம் ஏரியோரத்தில் அவர் தங்கை வாடகைக்கு விடும் வாத்துப் படகுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவன் இறந்தபின் அவளுக்கு அதுதான் பிழைப்பு. மறுநாள் முதல் பத்து நாள் பள்ளி விடுமுறை. கலங்கிய நீரைப் பற்றிச் சொன்னால் ஏரியைத் திறந்துவிடுவார்கள்; பிறகு இந்த வருடம் அவளுக்கு வருமானம் ஒன்றுமில்லை.

பொறியாளருக்குப் போன் செய்தார்.

"ஐயா, கலங்கல் தண்ணி வருதுங்க."

"கலங்கல்ல வருதா? அட, ஏரி நிரம்பிடுச்சா! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

உபரிநீர் வழியும் இடத்துக்கும் கலங்கல் என்றுதான் பெயர். காவலரின் விரல் மறுபடி எண்ணை அழுத்தப் போய் நின்றது. நான் சொல்லிவிட்டேன், அவர் காதில் விழுந்த விதத்துக்கு நானா பொறுப்பு? பத்து நாள் போகட்டுமே. மனம் வாதாட ஆரம்பித்தால் வக்கீல் தோற்றுப் போவார்.

தங்கை கீழிருந்தே கேட்டாள். "என்னண்ணே, கலங்கல்ல வழியுதா? அங்க பல்லி படுத்து வெயில் காயுது. பகல்லயே கனவா?"

சிரித்துக்கொண்டே ஏறி வந்தவள் குவளையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"குழாய்த் தண்ணியா இது?"

"ம். பத்து நாள் தாங்கும்னு நினைக்கிறேன்மா."

"நினைக்கிறியா, தெரியுமா?"

அவர் கீழே பார்த்தார். அணைக்குக் கீழே வரிசை வீடுகள். யாரோ போர்வை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போனைக் குடுண்ணே."

"உன் பிழைப்பு..."

"என் படகுல ஏறுற புள்ளைங்கள்ல பாதி அந்த வீட்டுப் புள்ளைங்க. குடு."

வாங்கிப் பேசினாள். "ஐயா, ஏரி வழியலைங்க. குழாயில சேத்துத் தண்ணி வருது. உள்ள மண்ணு கரையுது. உடனே வாங்க."

உண்மையை ஒருமுறை சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். கேட்டவருக்குப் புரியும்வரை சொன்னால்தான் கடவுள் அதைக் கணக்கில் எடுப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று மதியமே கீழ்வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மதகைத் திறந்து ஏரியை மெல்ல மெல்ல இறக்கினார்கள். குழாய் வாயில் மணலும் சரளையும் கொட்டினார்கள். "விட்டிருந்தா இந்த வாரமே..." என்று ஆரம்பித்த பொறியாளர், வீடுகளைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

நான்காம் நாள் படகுகளெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன. வீட்டுக்குத் திரும்பியவர்கள் கரைமேல் வந்து நின்றார்கள். ஒருவர் கால்சட்டையை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். "அக்கா, எதை முதல்ல தூக்கணும்?" என்றார். பின்னாலேயே பத்துப் பேர் இறங்கினார்கள்.

காவலர் ஒதுங்கி நின்றார். "நான் அன்னிக்கு சும்மா இருந்துடப் பார்த்தேனே... என்னை மன்னிச்சிடும்மா."

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் தங்கை. "முதல்ல இந்த வாத்தோட வாலைப் பிடி."