ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பகல் வேலைக்கு மாறிய முதல் நாள் மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும், கணினி முன்னால் இருந்த என் மனைவி சட்டென்று எழுந்து, நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். கோபமெல்லாம் இல்லை, பழக்கதோஷம். ஆறு வருடமாக ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு ராத்திரி அடுப்பு. அவளோ மூக்குக்கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க லென்ஸ் தேய்ப்பவள். நான் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். அவள் கழற்றும்போது நான். வாசலில் அந்த ஒரு நிமிடம்தான் எங்கள் குடித்தனம்.

மீதிக் குடித்தனம் அந்தப் பழைய ராஜ்ஜிய விளையாட்டுக்குள் நடந்தது. ஒரே கணினியில் இரண்டு பேர் மாறி மாறி ஆடுவது. நடுவில் ஆறு, வடக்கு எனக்கு, தெற்கு அவளுக்கு. அவரவர் முறையில் அவரவர் நாடு மட்டும்தான் தெரியும், எதிர்க்கரை வெறும் பனிமூட்டம். நான் காலையில் வந்து ஆடிவிட்டுத் தூங்குவேன். அவள் மாலையில் வந்து ஆடுவாள். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் சத்தம் கேட்காது. தெற்கிலிருந்து என் நாட்டுக்கு வழக்கமாக வரும் உப்புப் படகு வராது, அவ்வளவுதான். என்ன தப்பு செய்தோம் என்று புரண்டு புரண்டு படுப்பேன். திரைச்சீலையைத் தாண்டி வரும் வெளிச்சத்தில், பாதித் தூக்கத்தில், அந்த ஆறு கட்டிலுக்கு அடியில் ஓடும். படகு வருகிறதா என்று கனவிலும் கரையில் நிற்பேன். சமாதானம் என்றால் கேட்காமலே இரண்டு படகு வந்திருக்கும்.

பகல் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்தை வாங்கி வந்திருந்தேன். இதில் முறை கிடையாது. திரை இரண்டாகப் பிரியும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஆடலாம். தண்ணீர் மினுங்குமாம், மேகத்தின் நிழல் வயல் மேல் நகருமாம். ஆனால் எங்கள் பழைய நாடுகளை இதற்குள் கொண்டுவர முடியாது.

“பழசுக்கு என்ன குறைச்சல்?” என்றாள், உள்ளே இருந்தபடியே.

“குறைச்சல் ஒண்ணும் இல்ல. இதுல ரெண்டு பேரும் ஒண்ணா ஆடலாம்.”

“ஒண்ணாவா? நீங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா நான் எப்படிங்க யோசிக்கறது?”

எனக்குச் சுருக்கென்றது. பழசையே ஆடினால் இனியும் ஒருவர் வர ஒருவர் எழுந்து போவோம். பகல் வேலை வாங்கியதே தண்டம். புதுசு என்றால் தோளோடு தோள் உட்கார வேண்டும், அதற்கு எங்கள் இருவருக்குமே பழக்கமில்லை. இந்த வயதில் சொந்த மனைவியின் பக்கத்தில் உட்காரப் பயந்தேன் என்று சொன்னால் அடுப்படி ஆட்கள் சிரிப்பார்கள். உண்மையாகவே பயந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். “என் முறை பாதியில நிக்குது. எழுந்திருக்காதீங்க, இருங்க.”

ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தெற்குக் கரையைப் பார்த்தேன். கரை நெடுகக் குதிரைகள். நானூறுக்குக் குறையாது. சேணம் பூட்டியபடியே தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. எதிரே பனிமூட்டத்துக்குள் என் பக்கத்தில் இருப்பது நான்கே நான்கு காவல் கோபுரங்கள், அதில் ஒன்றுக்கு நான் கூரையே போடவில்லை.

“இவ்வளவு படை எப்பலேர்ந்து?”

“ரெண்டாவது வருஷத்துலேர்ந்து.”

“அப்போ எப்ப வேணா வந்து என் நாட்டைப் பிடிச்சிருக்கலாமே.”

“பிடிச்சிருக்கலாம்.” திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பிடிச்சா ஆட்டம் முடிஞ்சிடும். அப்புறம் உங்ககிட்ட எப்படிப் பேசறது?”

நாலு வருடமாக இவள் போட்ட பிச்சையில் ராஜாவாக இருந்திருக்கிறேன், அது தெரியாமல் மீசை முறுக்கிக்கொண்டு. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் மடியில் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்தாள். “இதை ஆரம்பிக்கணும்னா அதை முடிக்கணும் இல்ல?”

“முடிக்கணும்னு கட்டாயம் இல்ல.”

“பாதியில விட்டுட்டு வந்தா எனக்கு மனசு ஒட்டாதுங்க.”

பெட்டியை மடியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன். அவள் மவுஸைப் பிடித்தபோது முழங்கை என் கைமேல் பட்டது. அதன் மடிப்பில் கண்ணாடித் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. கையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் குதிரை மட்டும் சரிவில் இறங்கித் தண்ணீரில் கால் வைத்தது. கரையில் இருந்த மற்றவை ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின.