வலப்பக்க ஸ்பீக்கர்

படுக்கையறையின் ஜிப்சம் பலகைச் சுவரில் பென்சில் கோட்டின் மேல் ரம்பம் இறங்க இறங்க, அவர் பழைய தலையணை உறை ஒன்றை விரித்துப் பிடித்து, உதிரும் வெள்ளை மாவை ஏந்திக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தே தேய்ந்த விரல்களுக்கு இந்த வேலை புதிது. மூன்றடி தள்ளிக் கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி அந்தச் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தூசி உனக்கு ஒத்துக்காது. கொஞ்ச நேரம் ஹால்ல படுத்துக்கிறியா?"

"நான் பாக்காம எப்படி? நீங்க தப்பான இடத்துல ஓட்டை போட விட்டுடுவீங்க."

ரம்பம் பிடித்திருந்த எலக்ட்ரீஷியன் பெண் சிரித்துவிட்டாள்.

இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த உடம்பு. இதயத்தில் கால் பங்குதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னபோது, "மீதி முக்கால் லீவுல இருக்கா?" என்று கேட்டவள் அவள். டெலிபோன் ஆபரேட்டராக முப்பது வருடம் ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவளுக்கு, வீட்டுக்கு வந்தால் பாட்டு வேண்டும். அதுவும் சத்தமாக வேண்டும்.

அதுதான் கிடைக்கவில்லை. கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த ரேடியோவை, தலைவலிக்கிறது என்று மாமனார் பரணில் ஏற்ற வைத்தார். பிறகு வாங்கிய டேப் ரெக்கார்டர், மகன் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று பீரோவுக்குள் போனது. மூன்றாவதாக வந்த பெரிய பெட்டியை, சோபாவுக்கு இடம் போதவில்லை என்று மகனே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். மூன்று தடவையும் அவர் தடுக்காமல் பக்கத்தில்தான் நின்றார். முதல் தடவை ஏணியைப் பிடித்துக்கொண்டதே அவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் காருக்குள் அவள் சொன்னாள்: "இந்தத் தடவை சுவத்துக்குள்ள வச்சிடுங்க. எவன் தூக்கிட்டுப் போறான்னு பாப்போம்."

இடப்பக்கத் துளை வெட்டி முடிந்தது. அந்தப் பெண் ஹாலிலிருந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து பலகைச் சுவருக்குள்ளாக வயரை இழுத்து, ஸ்பீக்கரில் முடுக்கி, துளைக்குள் தள்ளினாள். நாலு ஸ்க்ரூவைத் திருகியதும் பின்னாலிருந்த கொக்கிகள் பலகையை இறுகக் கவ்விக்கொண்டன. அந்த நேரம் பார்த்து மகன் வந்தான். கட்டிலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா, கொஞ்சம் வெளிய வாங்க."

ஹாலில் வைத்துக் குரலைத் தாழ்த்தினான். "அம்மா இருக்கிற நெலமையில இது தேவையா? இன்னும் எத்தனை நாளைக்கு..." முடிக்காமல் விட்டான். "அப்புறம் நீங்க எங்களோட வந்துடப் போறீங்க. வீட்டை வாடகைக்கு விடணும். ஓட்டை போட்ட சுவரை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவர் வழக்கம்போலத் தலையாட்டப் போனார். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "போன்ல ரெண்டு தெரு தள்ளிப் பேசினாலே கேக்கிற காது எனக்கு. இங்க வந்து பேசுடா."

மகன் உள்ளே போய் நின்றான்.

"செத்த பிறகு அமைதியாத்தான் கெடக்கப் போறேன். அதுவரைக்கும் சத்தமா இருந்துட்டுப் போறேன். போய் ஆன் பண்ணு."

அவன்தான் போய் ஆன் செய்தான். சுவருக்குள்ளிருந்து வயலின் கிளம்பியது. கட்டில் விளிம்பில் அவள் விரல் தாளம் போட்டது. ஆனால் பாடுகிறவரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோல் மங்கலாக இருந்தது.

"பாதிதான் வருது," என்றாள்.

"வலப்பக்கம் மாட்டினா மீதியும் வந்துடும்மா," என்று அந்தப் பெண் அடுத்த கட்டத்துக்குப் பென்சிலால் கோடு போடத் தொடங்கினாள். சுவரைத் தட்டிப் பார்த்து, மட்டம் வைத்துப் பார்த்து, நாலு கோட்டையும் இழுத்து முடித்தாள். அவர் மறுபடி தலையணை உறையை எடுத்துக்கொண்டு, "இது போதுமா, இன்னும் கொஞ்சம் மேலயா?" என்று கட்டில் பக்கம் திரும்பிக் கேட்டார்.

அவள் விரல் தாளம் போடவில்லை. வயலின் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்து, தாளில் நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முற்பகல் பதினொன்று நாற்பது. மகன் கண்ணைத் துடைத்தபடி ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். யார் யாருக்கோ போன் செய்தான். மயானத்துக்கு வண்டி மூன்று மணிக்கு வரும் என்றான். பிறகு எலக்ட்ரீஷியனிடம், "நீங்க கிளம்புங்க. நான் அப்புறம் கூப்பிடறேன்," என்றான். அவள் சத்தம் வராமல் ஒவ்வொரு சாமானாகப் பைக்குள் வைத்தாள்.

"யாரும்மா உன்னைக் கிளம்பச் சொன்னது?" என்றார் அவர்.

மகன் திரும்பினான். "அப்பா, நாலு பேர் வருவாங்க. அம்மாவைக் கிடத்தி வச்சுட்டு சுவத்தை அறுத்துட்டு இருந்தா என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுக்கட்டும்."

"வாடகைக்கு விடறதைப் பத்திப் பேசினோமே..."

"நீ பேசின. நான் எங்கயும் வரலை. இது என் வீடு, நான் இங்கதான் இருப்பேன்."

"உணர்ச்சிவசப்படாதீங்கப்பா."

"படுறேன்," என்றார். "அறுபத்தெட்டு வயசுல இன்னிக்கு ஒரு நாள் படுறேன். உனக்கு என்ன நஷ்டம்?"

அப்பா குரல் உயர்ந்து மகன் கேட்டதே இல்லை.

அந்தப் பெண் ரம்பத்தை எடுத்தாள். கோட்டில் வைத்தாள். அப்படியே நின்றாள். "சார், மன்னிச்சுடுங்க. அம்மா இப்பத்தான் பேசிட்டிருந்தாங்க. கை ஓடலை."

"உள்ள வயர், குழாய் ஏதாவது குறுக்க போகுதா?"

"இல்ல சார், பாத்துட்டேன்."

"அப்ப குடு."

ரம்பத்தின் முனையைக் கோட்டில் ஊன்றி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து விட்டார். பலகைக்குள் இறங்கியது. "மெதுவா சார், அவசரப்படாம இழுங்க," என்று அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் கோட்டை விட்டு நெளிந்து போனது. மாவு சட்டையிலும் புருவத்திலும் அப்பியது. கட்டிலில் படாமல் இருக்க மகன் விறுவிறுவென்று ஒரு போர்வையை விரித்துப் பிடித்தான். நாலாவது பக்கம் அறுந்ததும் பலகைத் துண்டு கையோடு வந்தது.

"கோணலாப் போச்சே."

"ஸ்பீக்கரோட சட்டம் மறைச்சுடும் சார்," என்று அவள் ஸ்பீக்கரை எடுத்து, வயரை இணைத்துத் துளைக்குள் தள்ளினாள். நாலு ஸ்க்ரூவையும் திருகினாள்.

இரண்டு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திகைத்து நின்றார்கள். வீடு முழுக்கப் பாட்டு. அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் உள்ளே வந்து, மகனின் தோளைத் தொட்டு, "யாருப்பா இந்த நேரத்துல பாட்டைப் போட்டது? கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்றார்.

மகன் அப்பாவைப் பார்த்தான்.

"நான்தான் போட்டேன்," என்று அவர் எழுந்துபோய்ச் சத்தத்தை இன்னும் ஒரு சுற்று கூட்டினார். நண்பர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அவர் கையைக் காட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

பிறகு கட்டிலுக்கு எதிரே, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. முதுகை இன்னும் அழுத்திச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டார்.